புள்ளியில் கணக்கு, மஞ்சளில் அறிவியல்: தொடக்கப் பள்ளியில் கலையைப் பாடத்தோடு இணைக்கும் முறை

தொடக்கப் பள்ளியில் 'செயல்திட்டம்' என்று சொல்லி அனுப்பினால் பெரும்பாலான வீடுகளில் நடப்பது ஒன்றுதான்: இரவு எட்டு மணிக்குக் கடைக்கு ஓடிப் படத்தாள் வாங்குகிறார்கள், அம்மா வெட்டிக் கொடுக்கப் பிள்ளை சார்ட்டில் ஒட்டுகிறது, மறுநாள் அது வகுப்புச் சுவரில் ஏறுகிறது. அதில் கலையும் இல்லை, பாடமும் இல்லை. தேசியக் கல்விக் கொள்கை 2020 கலையோடு இணைந்த கற்றலை வலியுறுத்துகிறது. தமிழ்நாட்டில் 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டமும் பாடல், செயல்பாடு வழியாகவே கீழ்வகுப்புப் பாடங்களைக் கொண்டுசெல்கிறது. இருந்தும், தொடக்கப் பள்ளிகளில் பொதுவாக ஓவிய ஆசிரியர் என்று தனியே ஒருவர் இல்லாததால், எல்லாப் பாடங்களையும் நடத்தும் வகுப்பாசிரியர்தான் இதையும் வடிவமைக்க வேண்டியிருக்கிறது. அவருக்காகவே இந்தக் குறிப்புகள்.

ஒரு கலைச் செயல்பாட்டைத் தேர்ந்தெடுக்கும் முன் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுக்கொண்டால் போதும்: இந்த வேலையைச் செய்யாமலே குழந்தை இந்தப் பாடத்தை அறிந்துகொண்டுவிட முடியுமா? முடியும் என்றால் அந்த வேலை பாடத்துக்குப் பூச்சூட்டல் மட்டுமே. மூன்று மாம்பழங்களை வரைந்து வண்ணம் தீட்டி, கீழே 3 என்று எழுதுவது அப்படிப்பட்டது. எண்ணுவது ஒரு நொடியில் முடிந்துவிட, மீதி அரை மணி நேரமும் மஞ்சள் கிரேயானைத் தேய்ப்பதில் போகிறது. கையால் செய்துபார்த்தால்தான் விடை தெரியும் என்ற நிலை இருக்கும்போதே கலை பாடத்தைச் சுமக்கிறது. கீழே உள்ளவை அந்தச் சோதனையில் தேறியவை.

கோலமும் கணக்கும் (4, 5-ஆம் வகுப்பு)

நேர்ப்புள்ளி 7, ஒன்றில் முடியும் கோலத்தை எடுத்துக்கொள்வோம். அதாவது வரிசைக்கு 1, 3, 5, 7, 5, 3, 1 என்று புள்ளிகள். குழந்தைகள் சுண்ணக்கட்டியால் வைக்கும் புள்ளிகள் கோணிப் போகும், அழித்து அழித்துத் தரை வெளுத்துவிடும் என்பதால், முதல் நாள் புளியங்கொட்டைகளையும் வெள்ளைக் கூழாங்கற்களையும் புள்ளிகளாக வைக்கச் சொல்வது நல்லது. தவறினால் விரலால் நகர்த்திக்கொள்ளலாம். ஒரு குழுவுக்கு நான்கு பேர் போதும்.

ஒவ்வொரு வரிசையையும் புளியங்கொட்டையில் தொடங்கி, அடுத்தது கல், அடுத்தது கொட்டை என மாற்றி மாற்றி வைத்துப் புளியங்கொட்டையிலேயே முடிக்க வேண்டும். முடித்ததும் மொத்தம் எத்தனை என்று கேளுங்கள். ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணுகிறவர்களில் ஒருவர் 24 என்பார், இன்னொருவர் 26 என்பார். அந்தக் குழப்பம் தீருமுன் அவர்களை எழுப்பி, வடிவத்தின் சாய்ந்த பக்கத்துக்கு நேராக வந்து நின்று பார்க்கச் சொல்ல வேண்டும். அங்கிருந்து பார்த்தால் புளியங்கொட்டைகள் நான்கு வரிசையில் நான்கு நான்காக நிற்கும். அவற்றின் இடுக்குகளில் கற்கள் மூன்று வரிசையில் மூன்று மூன்றாக நிற்கும். 16-உம் 9-உம் சேர்ந்து 25. இதை ஆசிரியர் சொல்லிவிடக் கூடாது. யாராவது ஒரு பிள்ளை கண்டுபிடித்துக் கத்தும்வரை வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் இந்தச் செயல்பாட்டில் ஆசிரியருக்கு இருக்கும் கடினமான வேலை.

பிறகு 9 புள்ளிக் கோலத்துக்கு எத்தனை வேண்டும் என்று வைக்காமலே சொல்லச் சொல்லுங்கள். 25-உம் 16-உம் சேர்த்து 41 என்று வரும். அடுத்து, ஒரு வரிசைப் புள்ளிகளின் இடுக்குகளுக்கு நேரே அடுத்த வரிசைப் புள்ளிகளை வைக்கும் இடுக்குப்புள்ளிக்குப் போகலாம்: 7-இல் தொடங்கி 4-இல் முடியும் இடுக்குப்புள்ளிக் கோலத்தில் 4, 5, 6, 7, 6, 5, 4 என 37 புள்ளிகள். இங்கே சதுரம் கிடைக்காது, அறுகோணம் கிடைக்கும். ஏன் என்று கேட்டால், நடுப்புள்ளியைச் சுற்றி எத்தனை புள்ளிகள் நெருங்கி நிற்கின்றன என்று எண்ணிப் பார்த்து ஆறு என்று அவர்களே சொல்வார்கள்.

சிக்குக்கோலம் இன்னும் சுவையானது. செவ்வகமாகப் புள்ளி வைத்து, பக்கத்துப் புள்ளிகள் ஒவ்வொன்றுக்கும் இடையில் இழை குறுக்கிட்டுச் செல்லுமாறும் ஓரத்தில் வளைந்து திரும்புமாறும் போட்டால், 2×3 புள்ளிகளில் ஒரே இழையில் கோலம் முடிந்துவிடும். 2×4-இல் இரண்டு இழைகள், 3×3-இல் மூன்று, 3×4-இல் மீண்டும் ஒன்று. இழைக்கொரு நிறத்தில் போடச் சொல்லி, கிடைத்த எண்களை அட்டவணையாக எழுதவைத்தால், இரண்டு எண்களையும் மீதியின்றி வகுக்கும் மிகப் பெரிய எண்தான் இழைகளின் எண்ணிக்கை என்பது ஐந்தாம் வகுப்பில் ஓரிருவருக்காவது தட்டுப்படும். 4×6-க்கு எத்தனை இழைகள் என்று போடாமலே சொல்கிற குழந்தைக்கு, பெரிய வகுப்பில் வரப்போகும் மீப்பெரு பொதுக் காரணி பாதி புரிந்துவிட்டது என்று பொருள். கோலத்தில் கணக்கைப் பார்ப்பது நம் ஊர்க் கல்லூரிகளுக்கும் புதிதல்ல; ஆய்வாளர்கள் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கமலா கிருத்திவாசனும் 1970-களிலேயே சென்னையில் கோலங்களைக் கணினி அறிவியலின் வடிவ இலக்கணமாக, அதாவது சில விதிகளிலிருந்து படங்களை உருவாக்கும் முறையாக, ஆராய்ந்தார்கள்.

ஓர் எச்சரிக்கை: வீட்டில் கோலம் போடும் பெண் குழந்தைகள் முன்னே நிற்க, பையன்கள் வேடிக்கை பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். இழை போடும் வாய்ப்பைக் குழுவில் ஒவ்வொருவருக்கும் மாற்றிக் கொடுத்தால் இது தானே சரியாகும்.

மஞ்சள் தாளும் சங்குப்பூ நீரும்

ஆரத்தித் தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பைக் கரைத்ததும் நீர் செக்கச் செவேலென மாறுவதைக் குழந்தைகள் பார்த்திருப்பார்கள். அமிலம், காரம் என்ற சொற்கள் மேல்வகுப்பில்தான் வரும் என்றாலும், அந்த நிறமாற்றத்தை வைத்துப் படம் வரைய மூன்றாம் வகுப்புக்கே முடியும்.

ஒரு தேக்கரண்டி மஞ்சள்தூளைச் சிறிது நீரில் குழைத்து, வரைதாளில் தடவி, நிழலில் காயவிட வேண்டும். வழவழப்பான சார்ட் தாள் மஞ்சளை உறிஞ்சாது, திட்டுத்திட்டாக நிற்கும். காய்ந்த தாளில், சலவைச் சோப்பைக் கரைத்த நீரைப் பஞ்சு சுற்றிய குச்சியால் தொட்டு வரைந்தால், கோடு செங்கல் நிறத்தில் எழும். அதன்மேல் எலுமிச்சைச் சாற்றைத் தடவினால் கோடு மறைந்து மஞ்சள் திரும்பும். இப்போது குழந்தைகளிடம் புளிக்கரைசல், மோர், சமையல் சோடா கரைத்த நீர், வெறும் நீர் ஆகியவற்றைச் சிறு கிண்ணங்களில் கொடுத்து, எது வரையும், எது அழிக்கும், எது ஒன்றும் செய்யாது என்று முதலில் ஊகித்து எழுதச் சொல்லி, பிறகு சோதிக்கவிட வேண்டும். எழுதாமல் சோதித்தால் "நான் அப்பவே நினைச்சேன்" என்று எல்லாரும் சொல்வார்கள்.

முதன்முறை இதை நடத்தியபோது, கை கழுவும் திரவ சோப்பைக் கொண்டுபோய், ஒரு கோடுகூடச் சிவக்காமல் முழித்திருக்கிறேன். அத்தகைய திரவங்களில் பல காரத்தன்மை இல்லாதவை. சலவைச் சோப்புக்கட்டிதான் சரி. சுண்ணாம்பைக் குழந்தைகள் கையில் கொடுக்கவே கூடாது, கண்ணில் பட்டால் ஆபத்து.

வேலியில் சங்குப்பூ கிடைக்கும் ஊரானால், பத்துப் பூக்களை அரை டம்ளர் வெந்நீரில் ஊறவைத்து நீல வண்ணமாகப் பயன்படுத்தலாம். எலுமிச்சைச் சாறு பட்ட இடம் ஊதாவாகவும், சமையல் சோடா நீர் பட்ட இடம் பச்சைச் சாயலாகவும் மாறும். ஒரே வண்ணத்திலிருந்து வானம், மலை, வயல் மூன்றையும் தீட்டி முடிக்கும்போது, எந்த இடத்தில் எதைத் தொட்டேன் என்ற குறிப்பும் படத்தோடு இருக்க வேண்டும். மஞ்சள் நிறம் வெயிலில் வெளுத்துவிடும் என்பதால் இந்தப் படங்களைச் சன்னலோரம் மாட்ட வேண்டாம்.

இலைப் பதிவு

இது எல்லாரும் அறிந்ததே என்பதால் இரண்டு திருத்தங்கள் மட்டும். இலையின் மேற்புறத்தைப் பதிக்காமல், நரம்புகள் புடைத்திருக்கும் அடிப்புறத்தை மேலே வைத்து, மெல்லிய தாளால் மூடி, கிரேயானைப் படுக்கவைத்துத் தேய்க்க வேண்டும். பூவரசு, அரசு போன்றவற்றில் வலைப்பின்னல் நரம்பமைப்பும், மூங்கில், புல் போன்றவற்றில் இணை நரம்பமைப்பும் தாளில் தானே எழும். பெயர் எதுவும் சொல்லாமல் பதிவுகளை இரண்டு கட்டாகப் பிரிக்கச் சொன்னாலே வகைப்பாடு நடந்துவிடும். அரளி, எருக்கு இலைகளைத் தொடவேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பூவரச இலை மிஞ்சினால் பீப்பி செய்து ஊதத்தான் போகிறார்கள், அதற்கும் ஐந்து நிமிடம் ஒதுக்கிவிடுங்கள்.

மண் வண்ணத்தில் ஐந்து நிலம்

தமிழும் சமூக அறிவியலும் சேரும் இடம் இது. குழந்தைகள் உறவினர் ஊருக்குப் போய்வரும்போது ஒரு பிடி மண் கொண்டுவரச் சொல்லி வைத்தால், ஒரு பருவத்துக்குள் செம்மண், கரிசல், ஆற்று வண்டல், கடற்கரை மணல் எல்லாம் சேர்ந்துவிடும். பழைய வேட்டித் துணியில் சலித்து, இரண்டு பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு பசை சேர்த்துக் குழைத்தால் வண்ணம் தயார். பசை குறைந்தால் ஒரு மாதத்தில் பொருக்காக உதிரும். மணலை மட்டும் குழைக்காமல், பசை தடவிய இடத்தில் தூவ வேண்டும். சலிக்கும்போதே எது துணியில் எளிதாக இறங்குகிறது, எது கட்டிக்கொள்கிறது என்பது கைக்குத் தெரிகிறது. மண் வகைப் பாடத்தில் பாதி அங்கேயே முடிகிறது.

குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் நான்கையும் எளிதாக வரைந்துவிடுவார்கள். பாலை வந்ததும் ஒட்டகம் வரும். என் வகுப்பில் ஒரு சிறுமி ஒட்டகத்தோடு ஈச்சமரமும் வரைந்து, பின்னால் ஒரு பிரமிடையும் நிறுத்தியிருந்தாள். அதை அழிக்கச் சொல்வதைவிட வேறு வழி இருக்கிறது. முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் வளம் குன்றிப் பாலையின் வடிவம் கொள்ளும் என்று சிலப்பதிகாரம் சொல்கிறது. ஆகவே பாலைக்குப் புதிய தாள் கொடுக்காமல், அவரவர் வரைந்த முல்லைப் படத்தையே ஒளி ஊடுருவும் தாள் வைத்துப் படியெடுத்து, இரண்டு ஆண்டு மழை பெய்யாவிட்டால் இதில் எது எது மாறும் என்று கேட்டு மாற்றி வரையச் சொல்ல வேண்டும். ஓடை வெறும் மணலாகும், மரம் இலை உதிர்க்கும், மாடுகள் காணாமல் போகும். செந்நாயும் மெலிந்த யானையும் வரலாம் என்று ஆசிரியர் ஒரு குறிப்புக் கொடுக்கலாம். அந்தச் சிறுமி தன் படத்தில் மேய்ப்பனை மட்டும் விட்டுவைத்து, அவன் கையில் இருந்த குழலை எடுத்துவிட்டாள்.

நேரமும் மதிப்பீடும்

40 நிமிடப் பாடவேளை ஒன்றில் இவற்றில் எதுவும் முடியாது; இரண்டு பாடவேளைகளைச் சேர்த்து எடுத்து, கடைசிக் கால் மணி நேரத்தைச் சுத்தம் செய்வதற்கென்றே வைத்துக்கொள்ள வேண்டும். ஐந்து வகுப்புகளும் ஒரே அறையில் இருக்கும் பள்ளியில், சின்னப் பிள்ளைகள் மண் சலிக்கவும் புளியங்கொட்டை அடுக்கவும், பெரிய பிள்ளைகள் கணக்கையும் குறிப்பையும் எழுதவும் என்று பிரித்தால் எல்லாருக்கும் வேலை இருக்கும்.

மதிப்பெண் போடும்போது அழகான படத்துக்குத் தனியாகவும் கண்டுபிடிப்புக்குத் தனியாகவும் பார்க்க வேண்டும். கோடு கோணலாக இருந்தாலும் 41 என்று முன்கூட்டியே சொன்ன பிள்ளைக்குக் கணக்கில் முழு மதிப்பெண் உண்டு. படத்தின் கீழே ஆசிரியர் தலைப்பு எழுதாமல், "இதைச் செய்தபோது எனக்குத் தெரிந்தது" என்று தொடங்கும் ஒரு வரியைக் குழந்தையே எழுதட்டும். எழுத வராத குழந்தை சொல்லச் சொல்ல நீங்கள் எழுதிக்கொள்ளலாம். அந்த வரியில் பிழை இருந்தால் சிவப்பு மையால் சுழிக்காமல், குறிப்பேட்டில் தேதியிட்டுக் குறித்துவைத்து, அடுத்த செயல்பாட்டை அந்தப் பிழையிலிருந்து தொடங்குங்கள்.