மலைப் பாதைக்கு முன் காற்றைச் சரிபாருங்கள்

புது மவுண்டன் சைக்கிளில் டயர் கல்லுபோல் இருந்தால் ரோட்டுக்குச் சரி. வேரும் பாறையும் உள்ள பாதையில் பிடிமானமில்லாமல் துள்ளும். சுமார் 70 கிலோ எடையுள்ளவர், டியூப் போட்ட 2.2 அங்குல டயரில் முன்னால் 28, பின்னால் 30 பிஎஸ்ஐ வைத்துத் தொடங்கலாம். ரிம் கல்லில் இடித்தால் இரண்டு கூட்டுங்கள்.

அப்புறம் ஃபோர்க், அதாவது முன் சக்கரத்தைப் பிடித்து அதிர்வைத் தாங்கும் பகுதி. உங்கள் எடைக்கு அது எவ்வளவு அமுங்குகிறது என்று பாருங்கள். காற்று ஃபோர்க்கின் காலில் உள்ள ரப்பர் வளையத்தைக் கீழே தள்ளிவிட்டு, முதுகுப் பையோடு ஏறிப் பெடலில் நின்று, குலுக்காமல் இறங்குங்கள். 120 மி.மீ. ஃபோர்க்கில் வளையம் 24 முதல் 30 மி.மீ. வரை நகர்ந்திருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் காற்றடிக்க வேண்டும். இதற்கு ஃபோர்க்குக்கென்றே உள்ள உயர் அழுத்த ஷாக் பம்ப்தான் சரி, டயர் பம்ப் ஒத்துவராது. சைக்கிளோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள்.