மாடிச் சருகை வாரும்போது தூசி நெஞ்சுக்குள் போகாமல் இருக்க

வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால், ஆவணி புரட்டாசியில், மொட்டை மாடியைச் சுத்தம் செய்தாக வேண்டும். மழைநீர்த் தொட்டிக்குப் போகிற தண்ணீர் அந்தத் தளத்தின் மேல்தான் ஓடி வருகிறது. பல மாத வெயிலில் காய்ந்த வேப்பஞ்சருகு, வாதாம் இலை, ரோட்டுப் புழுதி, டேங்குக்கு அடியில் புறா எச்சம் என்று எல்லாம் அங்கே கிடக்கும். காய்ந்தபடியே துடைப்பத்தைப் போட்டால் அத்தனையும் மேலே எழும்பும்.

கண்ணுக்குத் தெரிகிற புழுதி சீக்கிரம் படிந்துவிடும். 10 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) துகள், காற்றசைவு இல்லாத இடத்தில், ஆள் உயரத்திலிருந்து தரைக்கு வர சுமார் 10 நிமிடம் போதும். 1 மைக்ரான் துகள் இறங்க அரை நாள்கூட ஆகும். நுரையீரலின் அடிவரை போவது இந்தப் பொடிசுதான். அதனால் தூசியை எழும்ப விடாததே முதல் காப்பு. மாஸ்க் அதற்கு அடுத்ததுதான்.

வாசலைப் பெருக்கிவிட்டுத் தண்ணீர் தெளிப்பது பல வீடுகளில் பழக்கம். மாடியில் இந்த வரிசையை மாற்றுங்கள்: முதலில் தெளித்து, பிறகு பெருக்குங்கள். 600 சதுர அடித் தளத்துக்கு ஒரு பக்கெட், அதாவது 15 முதல் 18 லிட்டர், போதும். பூவாளியிலோ செடிக்கு மருந்தடிக்கிற கைத்தெளிப்பானிலோ (மருந்து துளியும் மிச்சம் இல்லாமல் கழுவியது) மென்மையாகத் தெளியுங்கள். பக்கெட்டைச் சாய்த்து வீசி ஊற்றினால் தண்ணீர் விழுந்த வேகத்திலேயே புழுதி கிளம்பும்.

ஒரு சொட்டு விழுவதைக் குனிந்து பாருங்கள். நன்றாகக் காய்ந்த புழுதியில் அது ஊறாமல் உருண்டையாக நின்று, தன்மேல் தூசியைப் போர்த்திக்கொண்டு உருளும். அடியில் மண் அப்படியே காய்ந்திருக்கும். பக்கெட்டுக்கு ஒரு டீஸ்பூன் பாத்திரம் கழுவும் திரவம் கலந்தால் தண்ணீர் உடனே உள்ளே இறங்கும். தெளித்து 10 நிமிடம் விடுங்கள். ஒரு பிடி சருகை அள்ளிக் கசக்கினால் கை ஈரமாக வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. சொட்டினால் இலை தளத்தோடு ஒட்டிக்கொள்ளும், மண் சேறாகும், காலும் வழுக்கும்.

மாஸ்க் விஷயத்தில் துண்டைக் கட்டுவது பலன் தராது. பொடித்தூசி நூலிடுக்கில் புகுந்து வரும். மூன்றடுக்கு மாஸ்க்கில் பக்கவாட்டில் காற்று வந்துவிடும். என்95 வாங்குங்கள், பட்டை காதில் மாட்டுவதைவிடத் தலைக்குப் பின்னால் போவது நல்லது. மூக்குக் கம்பியை இரண்டு கை விரலாலும் அழுத்திப் பொருத்தி, மாஸ்க்கை மூடிப்பிடித்து வேகமாக ஊதிப் பாருங்கள். கன்னத்திலோ கண்ணுக்கு அருகிலோ காற்று பட்டால் திரும்பப் பொருத்த வேண்டும். கண்ணாடி போடுபவர்களுக்கு, கண்ணாடியில் ஆவி படிந்தாலே மூக்கருகே இடைவெளி இருக்கிறது என்று அர்த்தம். தாடி இருந்தால் எந்த மாஸ்க்கும் ஒட்டி நிற்காது. நனைந்துவிட்டால், மூச்சிழுக்கச் சிரமமானால், புதிதாக மாற்றுங்கள்.

காற்று முதுகில் படும்படி நின்று, காற்று வருகிற பக்கத்திலிருந்து தொடங்குங்கள். பெரிய இலையைப் பல் வாரியால் இழுத்துக் குவித்துவிட்டு, மிச்சத்துக்குத் தென்னந்துடைப்பம். புழுதி கிளம்புவது பெரும்பாலும் வீச்சின் கடைசியில், துடைப்பத்தின் நுனி துள்ளி மேலே எழும்போதுதான். வீச்சைக் குட்டையாக வைத்து, நுனியைத் தரையிலிருந்து எடுக்காமல் இழுங்கள். இலை ஊதும் இயந்திரத்தையும், நுண்வடிகட்டி இல்லாத வாக்குவம் கிளீனரையும் இந்த வேலைக்குத் தொடவே தொடாதீர்கள். முன்னது தூசியைக் கிளப்பும், பின்னது உறிஞ்சிய பொடியைப் பின்வழியாக வெளியே விடும். மழைநீர்க் குழாயின் வாயைப் பெருக்கும் முன்பே துணியால் அடைத்துவிடுங்கள். அங்கே அடைந்திருக்கும் சருகைக் கையுறை இல்லாமல் எடுக்க வேண்டாம். தேளும் பூரானும் தங்கும் இடம் அது.

புறா எச்சம் தனிக் கணக்கு. காய்ந்த எச்சத்தின் தூசி பூஞ்சைத் தொற்றையும், சிலருக்கு நுரையீரல் ஒவ்வாமையையும் கொடுக்கும். சோப்புத் தண்ணீரில் 15 நிமிடம் நன்றாக ஊறவிட்டு, பிளாஸ்டிக் சுரண்டியால் வழித்தெடுங்கள். பிளீச்சிங் பவுடரை அதன்மேல் தூவாதீர்கள். எச்சத்திலிருந்து வரும் அமோனியாவோடு சேர்ந்து நச்சுவாயு கிளம்பும்.

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் கூரை என்றால் மேலே ஏறவும் வேண்டாம், உலர்ந்த துடைப்பத்தால் தேய்க்கவும் வேண்டாம். மிதித்தால் உடையும், தேய்த்தால் வரும் நார் நுரையீரலில் தங்கிவிடும். ஓரத்தில் ஏணி வைத்து, நனைத்த இலையைக் கையால் எடுப்பதோடு நிறுத்துங்கள்.

பெருக்கும்போது எல்லாரும் கவனமாக இருப்பார்கள். சாக்கில் அள்ளும்போதுதான் கோட்டை விடுவார்கள். நிறைந்த சாக்கை அமுக்கினால் உள்ளே இருக்கிற காற்று தூசியோடு நேராக முகத்தில் அடிக்கும். சாக்கைப் படுக்கப் போட்டு, முறத்தால் தள்ளி, முக்கால் பங்கு நிறைந்ததும் கட்டிவிடுங்கள். கைப்பிடிச் சுவரிலிருந்து கீழே கொட்டாமல் கயிற்றில் இறக்குங்கள். கொளுத்துவது இதைவிட மோசம், புகைத்துகள் புழுதியைவிடப் பொடிசு. ஈரச்சருகு மண்ணோடு அடுக்கினால் நல்ல உரம்.

வேலை முடிந்ததும் துணியை உதறாமல் கழற்றி நேராகத் தண்ணீரில் போடுங்கள். கை கழுவிவிட்டு மாஸ்க்கைக் கடைசியாக, பின்பட்டையைப் பிடித்துக் கழற்றி, பிறகு முகம் கழுவுங்கள். முன்பக்கத்தில் கை படக் கூடாது. ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த வேலையை வேறொருவரிடம் விட்டு, தளம் உலர்ந்த பிறகு மாடிக்கு வரட்டும்.