விபத்து இழப்பீட்டு வழக்கு: மனு போடுவதற்கு முன்பே தோற்பவர்கள்

விபத்து இழப்பீடு கேட்டு எங்கள் அலுவலகப் படியேறும் குடும்பங்களும், அவர்களுக்காகத் தம் முதல் எம்.சி.ஓ.பி. மனுவை, அதாவது மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் போடும் மனுவை, தயாரிக்கும் ஜூனியர்களும், நாங்கள் தொழிலுக்கு வந்த புதிதில் தடுக்கி விழுந்த அதே இடங்களில்தான் இன்றும் விழுகிறார்கள். மருந்துக் கடை ரசீது தொலைந்தது, எக்ஸ்ரே படத்தை எலி கடித்தது, முகவரியில் பின்கோடு தவறியது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவை எல்லோருக்கும் தெரிந்தவை, பெரும்பாலும் சரிசெய்யக்கூடியவையும்கூட. சரிசெய்ய முடியாத, அல்லது சரிசெய்யப் பெரும்பாடு பட வேண்டிய சிலவற்றைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

ஏ.ஆர். பதிவில் 'தானாக விழுந்தார்'

அடிபட்டவரை மருத்துவமனைக்குக் கொண்டுவந்ததும் பணி மருத்துவர் எழுதுவது விபத்துப் பதிவேடு. நீதிமன்ற வட்டாரத்தில் இதை ஏ.ஆர். காப்பி என்போம். யார் அழைத்து வந்தார், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் எப்படி அடிபட்டது, உடலில் என்னென்ன காயங்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். 'எப்படி' என்பதற்கு மருத்துவர் ஒதுக்குவது பெரும்பாலும் ஒரே வரிதான். ஆனால் காவலரோ வழக்கறிஞரோ இன்னும் வந்து சேராத நேரத்தில், யாரும் சொல்லிக்கொடுக்க வாய்ப்பில்லாத நிலையில் பதிவானது என்பதாலேயே, பின்னால் வரும் பத்து ஆவணங்களைவிட அந்த ஒரு வரிக்கு எடை அதிகம்.

ஒரு கொத்தனாரின் வழக்கைச் சொல்கிறேன். வேலை முடிந்து இருசக்கர வாகனத்தில் திரும்பியவரைப் பின்னாலிருந்து வந்த கார் இடித்தது. தொடை எலும்பு முறிந்தது. காரை ஓட்டியவர் பக்கத்து ஊர்க்காரர், ஓடிப்போகவும் இல்லை. "போலீஸ், கேஸ் என்று போக வேண்டாம், ஆஸ்பத்திரிச் செலவு முழுவதும் என்னுடையது" என்று அவர் சொன்னதை நம்பி, உடன் வந்த மைத்துனர் பணி மருத்துவரிடம் "வண்டியில இருந்து விழுந்துட்டாருங்க" என்று சொல்லிவிட்டார். முதல் பில்லைக் கார்க்காரர் கட்டினார். இரண்டாவது அறுவைச் சிகிச்சைக்குத் தேதி குறித்தபோது அவர் தொலைபேசியை எடுக்கவில்லை. மூன்றாவது வாரத்தில் புகார் கொடுத்து, எஃப்.ஐ.ஆர். பதிவாகி, குற்றப் பத்திரிகையும் தாக்கலான பிறகு எங்களிடம் வந்தார்கள்.

விசாரணையில் காப்பீட்டு நிறுவன வழக்கறிஞர் எஃப்.ஐ.ஆரைப் பற்றி அதிகம் கேட்கவே இல்லை. ஏ.ஆர். பதிவைத் தம் தரப்புச் சான்றாவணமாகக் குறியிட்டு, மருத்துவரைச் சாட்சியாக அழைத்தார். "என்னிடம் சொன்னதைத்தான் எழுதினேன், கார் என்று யாரும் சொல்லவில்லை" என்று மருத்துவர் சொன்னார், அதில் பொய் எதுவும் இல்லை. அடுத்து மைத்துனரிடம், "அன்று பொய் சொன்னீர்களா, இன்று பொய் சொல்கிறீர்களா?" என்ற கேள்வி வந்தது. காப்பீடு உள்ள ஒரு வாகனத்தைத் தேடிப் பிடித்துப் பின்னால் சேர்த்திருக்கிறார்கள் என்ற வாதத்தைத் தீர்ப்பாயம் ஏற்று மனுவைத் தள்ளுபடி செய்தது. எஃப்.ஐ.ஆர். தாமதம் ஒன்றையே காரணமாக்கி உண்மையான கோரிக்கையை மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2011ஆம் ஆண்டு ரவி எதிர் பத்ரிநாராயண் வழக்கில் கூறியதை நாங்கள் எடுத்துக் காட்டத்தான் செய்தோம். ஆனால் தாமதத்தோடு முரணான ஏ.ஆர். பதிவும் சேர்ந்துவிட்டால் அந்தத் தீர்ப்பு கைகொடுப்பது கடினம்.

எனக்கு இதில் எரிச்சல் தருவது, இந்தப் பொய்க்குப் பெரும்பாலும் தேவையே இல்லை என்பதுதான். சிகிச்சைச் செலவுக்குப் பயந்து சொல்கிறார்கள். தமிழ்நாடு அரசின் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தின்கீழ், பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் சாலை விபத்துக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை கட்டணமின்றிக் கிடைக்கிறது. ஓட்டுநர் உரிமம் இல்லையே என்று பயந்து சொல்கிறார்கள். அடிபட்டவருக்கு உரிமம் இல்லை என்பது மட்டும் விபத்தில் அவருக்கும் பங்கு உண்டு என்று காட்டிவிடாது என 2008லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒரே வண்டியில் மூன்று பேர் சென்றார்கள் என்று பயப்படுகிறார்கள். அதுவும் தன்னளவில் கவனக்குறைவுப் பங்காகாது என்று 2020இல் தீர்ப்பு வந்துவிட்டது. அபராதம் கட்ட வேண்டியிருக்கலாம். ஆனால் சில ஆயிரம் ரூபாய் அபராதத்துக்குப் பயந்து பல லட்சம் ரூபாய் வழக்கைக் கொன்றுவிட்டு வருகிறவர்களிடம் என்ன சொல்வது?

ஆகவே, உடன் செல்பவர் நடந்ததைச் சொன்னால் போதும். எந்த வாகனம் மோதியது, வண்டி எண் தெரியுமா, எந்த இடம், எந்த நேரம் என்பவற்றைச் சொல்லுங்கள். எண் தெரியாவிட்டால் 'அடையாளம் தெரியாத கார்' என்று சொல்லுங்கள். தெரியாத எண்ணை ஊகித்துச் சொல்லாதீர்கள். மறுநாளே ஏ.ஆர். நகலைக் கேட்டு வாங்க முயன்று, அந்த ஒரு வரியைப் படித்துப் பாருங்கள். தவறாக இருந்தால் மருத்துவமனையில் போய் அடித்துத் திருத்தித் தரச் சொல்லிக் கெஞ்ச வேண்டாம். திருத்தப்பட்ட பதிவு தவறான பதிவைவிட ஆபத்தானது. உடனே எழுத்துமூலம் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, மருத்துவரிடம் யார் என்ன சொன்னார், ஏன் அப்படிச் சொன்னார் என்பதையும் அந்தப் புகாரிலேயே விளக்கிவிடுங்கள். சாலையோரக் கடைகளின் சிசிடிவி பதிவுகள் சில நாட்களில் அழிந்துவிடும் என்பதால் அவற்றைக் கைப்பற்றும்படி காவல்துறையிடம் அன்றே கேளுங்கள். மோதிய வாகனத்தின் சேதத்தைக் காட்டும் மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கையும், விபத்து இடத்தைப் பார்த்துக் காவல்துறை எழுதும் பார்வை மகஜரும் இப்படிப்பட்ட வழக்கில் உயிர்நாடி. இங்கே குற்ற வழக்கைப் போல ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்க வேண்டியதில்லை. எது நடந்திருக்கக்கூடும் என்பதே கேள்வி. எனவே விளக்கம் சீக்கிரம் வந்தால் எடுபட வாய்ப்பு உண்டு. எல்லாவற்றுக்கும் முன்னதாக, உங்கள் வழக்கறிஞரிடம் இதை மறைக்காதீர்கள். எதிர்த்தரப்பு அந்த நகலைக் குறியிடும்போதுதான் எங்களுக்கே தெரியவருகிறது என்றால் அப்போது எழுந்து நின்று சொல்ல எங்களிடம் ஒன்றும் இருக்காது.

ஊனச் சான்றில் உள்ள சதவீதத்தோடு நின்றுவிடுவது

30 சதவீதம் ஊனம் என்று சான்று வாங்கிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். மருத்துவர் சொல்வது உடலின் ஊனத்தை; அதனால் சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறைந்தது என்பதைத் தீர்மானிக்க வேண்டியது தீர்ப்பாயம் என்று உச்ச நீதிமன்றத்தின் 2010ஆம் ஆண்டு ராஜ்குமார் எதிர் அஜய்குமார் தீர்ப்பு தெளிவாகப் பிரித்துக் காட்டியது. ஒரு கையை இழந்த தச்சருக்குத் தொழிலே போகலாம். அதே இழப்போடு அரசு எழுத்தர் ஒருவர் சம்பளம் குறையாமல் பணியில் தொடரலாம்.

கணக்கில் இது எவ்வளவு பெரிய வேறுபாடு என்று பாருங்கள். மாதம் 15,000 ரூபாய் சம்பாதித்த 32 வயதுக்காரருக்கு 30 சதவீத ஊனம் என்று வைத்துக்கொள்வோம். சதவீதத்துக்கு 5,000 ரூபாய் என்று கணக்கிட்டால் 1,50,000 ரூபாய். சம்பாதிக்கும் திறனே அந்த அளவு குறைந்தது என்று நிறுவினால், உச்ச நீதிமன்றத்தின் சரளா வர்மா தீர்ப்பின்படி அவர் வயதுக்கான பெருக்கெண் (ஆண்டு வருமானத்தைப் பெருக்க வேண்டிய எண்) 16. ஆண்டு வருமானம் 1,80,000 ரூபாயை அதனால் பெருக்கி, அதில் 30 சதவீதம் எடுத்தால் 8,64,000 ரூபாய். இதற்குத் தேவை, அவர் என்ன வேலை செய்தார், அதில் எதை இனிச் செய்ய முடியாது என்ற சாட்சியம். சாரம் ஏற முடியாது, குத்துக்காலிட்டுத் தரை போட முடியாது என்று மேஸ்திரி ஒருவர் கூண்டேறிச் சொன்னாலே பெரிய வேறுபாடு உண்டாகும். ஜூனியர்கள் பலர் இதை வாக்குமூலத்தில் ஒரே வரியில் கடந்துவிடுகிறார்கள்.

சிகிச்சை முடியுமுன் லோக் அதாலத்

உள்ளே வைத்த தகட்டையும் திருகாணிகளையும் எடுக்கும் அறுவைச் சிகிச்சை பாக்கி இருக்கும்போதே சமரசத்தில் கையெழுத்திடாதீர்கள். லோக் அதாலத் எனப்படும் மக்கள் நீதிமன்றத்தில் எட்டும் சமரசத் தீர்வுக்கு மேல்முறையீடு கிடையாது. பிறகு வரும் மருத்துவச் செலவு உங்களுடையது.

மருத்துவமனை வாசலில் வக்காலத்து

தேடி வந்து வார்டிலேயே வக்காலத்தில் (வழக்கறிஞரை அமர்த்தும் தாளில்) கையெழுத்துக் கேட்பவர் வழக்கறிஞர் அல்லர், தரகர். நிரப்பாத தாள் எதிலும் கையெழுத்திட வேண்டாம். கிடைக்கும் தொகையில் பங்கு என்று கட்டணம் பேசுவதை இந்திய வழக்கறிஞர் மன்ற விதிகளே தடை செய்கின்றன.

வெளியூர்த் தீர்ப்பாயத்துக்கு அலைவது

தேவையில்லை. நீங்கள் வசிக்கும் ஊருக்கு உரிய தீர்ப்பாயத்திலேயே மனு செய்யலாம்.

ஆறு மாதக் கெடு

இழப்பீட்டு மனு போடுவதற்கான இந்தக் கெடு, மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 1-4-2022 முதல் நடைமுறையில் இருப்பது. அதன் செல்லுபடி குறித்த கேள்வி உச்ச நீதிமன்றம் வரை சென்றிருக்கிறது என்பதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். விபத்து நடந்த நாளிலிருந்து எண்ணுங்கள், மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய நாளிலிருந்து அல்ல.