காலையில் தெளிவு, மதியம் பச்சை: பாசியை மிதக்கவைத்து எடுக்கும்போது செய்யும் தவறுகள்

ஆத்தூர், தலைவாசல் பக்கம் ஜவ்வரிசி ஆலைகளில் கழிவுநீரைக் குளத்தில் தேக்கிப் பராமரிப்பவர்கள் சொல்லும் புகார் ஒன்று உண்டு: "காலையில தண்ணி கண்ணாடி மாதிரி வந்துதுங்க. மூணு மணிக்குப் பார்த்தா பச்சையா போகுது." உடனே மெக்கானிக்கைக் கூப்பிட்டு டிஏஎஃப் தொட்டியைக் கழற்றிப் போடுவார்கள். அழுத்தத்தில் காற்றைக் கரைத்து, நுண்குமிழிகளாக விட்டு, பாசியை மேலே தூக்கும் தொட்டிதான் அது. பெரும்பாலும் கோளாறு தொட்டியில் இருக்காது, குளத்தில் இருக்கும்.

பாசி உயிருள்ளது. வெயில் ஏற ஏறத் தண்ணீரில் உள்ள கரியமில வாயுவை இழுத்துக்கொள்ளும். அதனால் காலையில் ஏழரை, எட்டு என்று நிற்கிற பிஹெச், மதியம் ஒன்பதைத் தாண்டிவிடும். பிஹெச் என்பது அமில, கார அளவு: ஏழு நடுநிலை, மேலே போகப் போகக் காரம். பாசியைத் திரட்டத் தொட்டிக்கு முன்னால் போடும் படிகாரம் நன்றாக வேலை செய்வது பிஹெச் ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில். ஒன்பதுக்கு மேல் போனால் அதிலுள்ள அலுமினியம் திரளாமல் கரைந்தே நின்றுவிடும், பாசியைப் பிடிக்காது. பாசிச் செல்களின் மேல் எதிர்மின் சுமை இருக்கிறது. அதைத் தணித்து ஒன்றோடொன்று ஒட்டவைக்காமல் குமிழியை மட்டும் அனுப்பினால் குமிழி தனியாக மேலே போகும், பாசி அங்கேயே கிடக்கும்.

இதில் நானும் ஏமாந்திருக்கிறேன். தினமும் காலை எட்டு மணிக்கு ஜார் டெஸ்ட் செய்து (சில குடுவைகளில் தண்ணீர் எடுத்து, வெவ்வேறு அளவு படிகாரம் போட்டு எது தோது என்று பார்ப்பது), அந்த அளவையே நாள் முழுக்கப் போட்டேன். மதியம் தண்ணீர் கெட்டதும் படிகாரம் மட்டமானது என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போனேன். அவர்மேல் ஒரு தப்பும் இல்லை. மதியம் இரண்டு மணித் தண்ணீரில் தனியாக ஒரு ஜார் டெஸ்ட் செய்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். மதியத்துக்குப் படிகாரத்தைக் கூட்டலாம், அதுவே பிஹெச்சைக் கொஞ்சம் இறக்கும். இல்லையென்றால் அளந்து அமிலம் சேர்க்கலாம். குளத்தில் தேக்க இடம் இருந்தால் இரண்டையும் விடச் சுலபமான வழி, விடியற்காலையிலேயே தொட்டியை ஓட்டிவிடுவது.

அடுத்த தவறு குமிழியில். செலவு மிச்சம் என்று புளோவரையும் (காற்றூதி) அதன் காற்றைக் குமிழியாக விடும் டிஃப்யூசரையும் வைத்துத் தொட்டியின் அடியிலிருந்து மிதக்கவைக்கப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் குமிழி மில்லிமீட்டர் கணக்கு. வேகமாக மேலே ஏறி, சேர்ந்த திரளையும் பிய்த்துப் போடும். நமக்கு வேண்டியது 10 முதல் 100 மைக்ரான் வரையிலான குமிழி. தண்ணீரில் அது பால் ஊற்றினாற்போல் வெள்ளையாகப் பரவும். சோற்று உலை கொதிப்பதுபோல் தொட்டியில் குபுகுபுவென்று வந்தால், குமிழி வெளிவரும் நாசில் அடைத்திருக்கிறதா, காற்றைத் தண்ணீரில் கரைக்கும் கலனான சாச்சுரேட்டரில் 4 முதல் 6 பார் அழுத்தம் நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். சூட்டையும் கணக்கில் எடுக்க வேண்டும். சாதாரணக் காற்றழுத்தத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் 20 டிகிரியில் ஏறக்குறைய 18 மில்லிக்குச் சற்று மேலாகக் காற்றைக் கரைத்துக்கொள்ளும், 30 டிகிரியில் அது 16-க்கும் கீழே இறங்கிவிடும். ஏற்காட்டுக் குளிரில் சரியாக ஓடிய ரீசைக்கிள் அளவைச் (தெளிந்த தண்ணீரில் காற்றைக் கரைத்துத் தொட்டிக்குத் திருப்பி விடும் அளவு) சேலத்துச் சித்திரை வெயிலில் அப்படியே வைத்தால் காற்று போதாது.

மண்டி படியவைக்கும் தொட்டியில் பழகிய கை, திரளை அவல் அளவுக்குப் பெரிதாக்கப் பார்க்கும். கீழே இறங்கத்தான் கனம் வேண்டும். மேலே ஏற, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத சின்னத் திரளே போதும். பெரிது பெரிதாக்க, திரளை ஒட்டவைக்கும் பாலிமரைக் கொட்டினால் பணமும் போகும், நாசிலும் பிசுபிசுத்து அடைக்கும்.

பாசி வளர்ந்தபின் அதைக் கொல்ல மயில்துத்தமோ பிளீச்சிங் பவுடரோ போடுவது எனக்குப் பிடிக்காத வேலை. செத்த செல் வெடித்து உள்ளே இருப்பது தண்ணீரில் கரைந்துவிடும். திடப்பொருளாக இருந்தவரை மிதக்கவைத்து எடுத்திருக்கலாம், கரைந்ததை எந்தக் குமிழியும் தூக்காது. ஆற்றிலோ ஓடையிலோ விடும் தண்ணீரில் பிஓடி (கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன்) லிட்டருக்கு 30 மில்லிகிராமையும் கரையாமல் கலந்திருக்கும் திடப்பொருள் 100 மில்லிகிராமையும் தாண்டக் கூடாது. இரண்டாவது எண் இறங்கிவிட்டதே என்று சந்தோஷப்படும்போது முதல் எண் ஏறியிருக்கும். நீலப்பச்சைப் பாசியாக இருந்தால் நச்சும் வெளியே வரும்.

மேலே சேரும் நுரைப்பாசியை ஓயாமல் வழித்தால் வெறும் தண்ணீர்தான் வரும். நேரம் கடத்தினால் குமிழி உடைந்து பாசி மறுபடி கீழே இறங்கும். திறந்த தொட்டியில் ஒரு கோடை மழையே அதைக் கலைக்கப் போதும், மேலே ஒரு தகரக் கூரை போடுங்கள். வழித்ததைக் குளத்து ஓரத்திலேயே கொட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அதிலுள்ள நைட்ரஜனும் பாஸ்பரஸும் திரும்பக் குளத்துக்குள் போய் அடுத்த பாசிக்கு உரமாகும். மணல் பாத்தியில் பரப்பிக் காயவிடுங்கள், படிகாரம் கலந்தது என்பதால் ஆடு மாடு வாய் வைக்காதபடி சுற்றிலும் முள்வேலி கட்டுங்கள்.