எழுத்தாளர் பற்றிய ஸ்டாசி கோப்பை வாசிப்பது எப்படி?

கிழக்கு ஜெர்மனியின் உளவு அமைச்சகமான ஸ்டாசி 1950இல் தொடங்கப்பட்டது. அது விட்டுச்சென்ற ஆவணங்களை வரிசையாக அடுக்கினால் நீளம் 111 கிலோமீட்டர். 1992 ஜனவரியிலிருந்து, தன்மேல் திறக்கப்பட்ட கோப்பை எவரும் விண்ணப்பித்துப் பார்க்கலாம். 2021 ஜூன் முதல் அவை ஜெர்மன் கூட்டாட்சி ஆவணக் காப்பகத்தின் பொறுப்பில் உள்ளன.

தன் கோப்பைக் கேட்பவர் பிறந்த தேதியையும் 1990க்கு முன் குடியிருந்த முகவரிகளையும் தவறாமல் எழுத வேண்டும். ஒரே பெயரில் பலர் இருப்பார்கள். முகவரி இல்லாவிட்டால் தேடல் பாதியில் நின்றுவிடும். ஆய்வாளர்களுக்குத் தனி விண்ணப்பம். அதில் ஆய்வுப் பொருளைக் குறுக்கிச் சொல்லுங்கள்: இன்ன எழுத்தாளர், இன்ன ஊர், இன்ன ஆண்டுகள். கிடைக்கும் நகலில் பாதிக்கப்பட்ட மூன்றாம் நபர்களின் பெயர்கள் கறுப்பு மையால் மறைக்கப்பட்டிருக்கும்.

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது, கோப்புகளைத் தேடி எடுக்க ஸ்டாசி வைத்திருந்த அட்டைகளை. எஃப் 16 என்ற அட்டையில் உண்மைப் பெயர், பிறந்த தேதி, முகவரி, ஒரு பதிவு எண் ஆகியவை இருக்கும். அட்டைகள் எழுத்து வரிசையில் அல்லாமல் ஒலி வரிசையில் அடுக்கப்பட்டவை. 'மையர்' என்று ஒலிக்கும் பெயரை ஜெர்மனில் எப்படியெல்லாம் எழுதினாலும் ஓரிடத்தில் கிடைக்கும். அந்தப் பதிவு எண்ணைக் கொண்டு எஃப் 22 அட்டைக்குப் போக வேண்டும். வழக்கின் வகையும் மறைபெயரும் அங்கேதான் இருக்கும். உண்மைப் பெயர் இருக்காது. ஓர் அட்டையை மட்டும் பார்த்த ஊழியருக்கு முழு விவரமும் தெரிந்துவிடக் கூடாது என்பதற்காகவே இப்படிப் பிரித்து வைத்தார்கள்.

மிக மோசமான தவறு இங்கேதான் நடக்கிறது. எஃப் 16இல் பெயர் இருந்தால் அவர் உளவு சொன்னவர் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். வேட்டையாடப்பட்டவரின் பெயரும் காட்டிக்கொடுத்தவரின் பெயரும் ஒரே அட்டைப் பெட்டியில்தான் இருந்தன. எஃப் 22இல் 'ஓ.வி.' (ஒருவரைக் குறிவைத்து நடத்திய கண்காணிப்பு வழக்கு) என்றிருந்தால் அவர் இலக்கு. 'ஐ.எம்.' என்றிருந்தால் இரகசியத் தகவலாளி. 'ஐ.எம். முன்நிலை' என்பது ஆளை இழுக்க முயன்றார்கள் என்பதை மட்டும் காட்டுகிறது. அவர் மறுத்திருக்கவும் கூடும். தகவலாளியின் கோப்பு பாகம் பாகமாக இருக்கும். முதல் பாகம் ஆளைப் பற்றியது, இரண்டாம் பாகம் அவர் கொடுத்த அறிக்கைகள். இரண்டாம் பாகத்தைப் படிக்காமல் யார்மீதும் பழி சுமத்தாதீர்கள். ஒரு மனிதரின் பெயர் கெட்டுப்போவது சின்ன விஷயமில்லை.

ஓ.வி. கோப்பைத் தேதி வரிசையில் படிக்கத் தொடங்கினால் அன்றாடக் குறிப்புகளிலேயே மூழ்கிப்போவீர்கள். தொடக்க அறிக்கை, நடவடிக்கைத் திட்டம், முடிவறிக்கை மூன்றையும் முதலில் தேடி எடுங்கள். கவிஞர் ரைனர் குன்சமீது திறக்கப்பட்ட 'லிரிக்' என்ற ஓ.வி. மட்டும் 12 தொகுதிகள். 1977இல் அவர் மேற்கு ஜெர்மனிக்குப் போக நேர்ந்தது. ஸ்டாசியின் 1976 ஜனவரி 1/76 எண் ஆணை 'சிதைத்தல்' என்ற முறையை வகுத்தது: நற்பெயரைக் கெடுப்பது, தொழிலில் தோல்விகளைத் திட்டமிட்டு உண்டாக்குவது, நண்பர்களுக்குள் சந்தேகத்தை விதைப்பது. கைது செய்தால் வெளிநாட்டில் பேச்சாகும், இதில் ஆகாது. நடவடிக்கைத் திட்டத்தில் ஒவ்வொரு வேலைக்கும் பொறுப்பதிகாரியும் கெடுவும் எழுதப்பட்டிருக்கும். ஆனால் திட்டமிட்டதெல்லாம் நடந்துவிடவில்லை. ஒவ்வொன்றும் நிறைவேறியதா என்பதைப் பிந்தைய அறிக்கைகளில் சரிபாருங்கள்.

தகவலாளி அறிக்கையில் முதலில் பார்க்க வேண்டியது, அதை எழுதியது யார் என்பதை. தகவலாளியின் கையெழுத்தா, ஒலிநாடாவிலிருந்து தட்டச்சிட்டதா, வாய்மொழியாகச் சொன்னதை அதிகாரி சுருக்கியதா? மூன்றாவது வகையில் சொற்கள் அதிகாரியுடையவை. யார் வந்தார், எப்போது வந்தார், எந்தக் கவிதை வாசிக்கப்பட்டது போன்ற விவரங்களைப் பெரும்பாலும் நம்பலாம். பிறருடைய அறிக்கைகளோடு ஸ்டாசி அதிகாரிகளே அவற்றை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 'பகைமை மனப்பான்மை' போன்ற தீர்ப்புகளை உங்கள் சொல்லாக எடுத்தெழுதாதீர்கள். '26/ஏ' என்ற குறி தொலைபேசி ஒட்டுக்கேட்பு. '26/பி' அறைக்குள் மறைத்த ஒலிவாங்கி. 'எம்' பிரிவு அஞ்சலைப் பிரித்துப் படித்தது. பண்பாட்டுத் துறையைக் கவனித்தது எச்.ஏ. 20 என்ற முதன்மைத் துறையின் 7ஆம் பிரிவு.

ஒரு நூல் ஏன் வெளிவரவில்லை என்பதற்கு ஸ்டாசி கோப்பு மட்டும் போதாது. அச்சிட அனுமதி தந்தது பண்பாட்டு அமைச்சகம். பதிப்பகம் கையெழுத்துப் பிரதியோடு மதிப்பீட்டாளர் கருத்துரைகளையும் அனுப்ப வேண்டியிருந்தது. அந்தக் கோப்புகள் கூட்டாட்சி ஆவணக் காப்பகத்தில் 'டி.ஆர். 1' என்ற தொகுப்பில் உள்ளன. இரண்டின் தேதிகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். பல வெட்டுகளைச் செய்தது உளவுத்துறையே அல்ல. அனுமதி கிடைக்காதோ என்று அஞ்சிய பதிப்பாசிரியர்தான்.

'ஆவணம் எதுவும் இல்லை' என்று பதில் வந்தால் கண்காணிப்பே இல்லை என்று பொருளாகாது. 1989 இறுதியில் அதிகாரிகள் கிழித்துப்போட்ட காகிதம் சுமார் 16,000 சாக்குகளில் மீட்கப்பட்டது. பெரும்பகுதி இன்னும் ஒட்டப்படவில்லை. வெளிநாட்டு உளவுப் பிரிவின் கோப்புகளில் பெரும்பாலானவை 1990இல் அழிக்கப்பட்டுவிட்டன. ஒட்டும் வேலையும் பட்டியலிடும் வேலையும் நடந்துகொண்டிருப்பதால், சில ஆண்டுகள் கழித்து அதே விவரங்களோடு மீண்டும் விண்ணப்பியுங்கள்.