பழைய ஆங்கிலப் பொருட்பெயர்களைப் பிசகாமல் படிக்கும் முறை

கேரளத்துத் தேயிலைத் தோட்டப் பகுதிகளான பீருமேடு, வண்டிப்பெரியாறு, தேவிகுளம் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றில், கங்காணியாகவோ கணக்கப்பிள்ளையாகவோ இருந்த முன்னோர் விட்டுச்சென்ற ஆங்கிலத் தாள்கள் இன்னும் தகரப்பெட்டிக்குள் கிடக்கின்றன. ஸ்டோர் இருப்புக் கணக்கு, ஏலப் பட்டியல், பங்களாச் சாமான் பட்டியல் என்று அவை பலவகைப்படும். ஆங்கிலம் நன்றாகப் படித்த பிள்ளைகளும் அவற்றை இரண்டு பக்கம் புரட்டிவிட்டு மடித்து வைத்துவிடுகிறார்கள். அவற்றிலுள்ள பொருட்பெயர்களில் பல வழக்கொழிந்துபோய்விட்டன, சில இன்று வேறு பொருளைக் குறிக்கின்றன. என் தாத்தாவின் இருப்புப் பேரேட்டை வரி வரியாகத் தமிழில் எழுதி முடித்தபோது எனக்குப் பிடிபட்ட முறையை இங்கே எழுதுகிறேன்.

தெரியாத சொல் வந்ததும் அகராதியைத் தேடாமல், முதலில் அதை வாய்விட்டுப் படியுங்கள். ‘மமூட்டி 40’ என்ற வரியில் நான் வெகுநேரம் தடுமாறினேன். உரக்கப் படித்தபோதுதான், மண்வெட்டியை நாம் பேச்சில் மம்முட்டி என்று சொல்வது காதில் விழுந்தது. கணக்கு எழுதியவர் தம் காதில் கேட்டதை அப்படியே ஆங்கில எழுத்தில் வைத்திருக்கிறார். ‘கம்ளி’ என்பது தொழிலாளிகளுக்குக் கொடுத்த கம்பளி, ‘சேட்டி’ சட்டி, ‘பேண்டி’ வண்டி, ‘சுனம்’ சுண்ணாம்பு, ‘காயர்’ கயிற்று நார். ஒரே சொல்லை இரண்டு மூன்று விதமாக எழுதியிருப்பார்கள் என்பதால், எழுத்து மாறியிருக்கிறதே என்று வேறு பொருளாகக் கொள்ள வேண்டாம். ‘கேலிகோ’ என்ற பருத்தித் துணியின் பெயரிலும் நம் பக்கத்துக் கோழிக்கோடுதான் இருக்கிறது.

காதுக்கும் எட்டவில்லை என்றால், அளவுக் கட்டத்தையும் மேல்வரி கீழ்வரிகளையும் பாருங்கள். ‘டக்’ என்றால் வாத்து, ‘லான்’ என்றால் புல்தரை என்றுதான் பள்ளியில் படித்திருக்கிறோம். ஆனால் ‘டக், 12 கஜம்’ என்று இருந்தால் அது கால்சட்டைக்கும் கூடாரத்துக்கும் ஆகும் முரட்டுப் பருத்தித் துணி. கஜக் கணக்கில் வரும் ‘லான்’ மெல்லிய துணி. பலகைகளுக்கு நடுவே வரும் ‘டீல்’ பைன், ஃபர் மரங்களின் பலகையைக் குறிக்கும். ‘கேட்ஜன்’ என்பது கூரை வேலைக் கணக்கில் வந்தால் பின்னிய தென்னங்கீற்று, ஆவணங்களோடு வந்தால் எழுதிய ஓலை. அளவுப் பெயர்களையும் ஒருமுறை தெரிந்துகொள்ளுங்கள்: ஹண்ட்ரட்வெயிட் என்பது பெயரில் நூறு இருந்தாலும் 112 ராத்தல் (பவுண்டு), குரோஸ் 144 எண்ணிக்கை, பழைய தாள் கணக்கில் குயர் 24 தாள். ‘கேண்டி’ என்பது மிட்டாய் அன்று, நம் கண்டி. சென்னை மாகாண அளவில் அது 500 ராத்தல், வேறு ஊர்களில் மாறுபடும்.

மிகவும் கவனம் வேண்டிய இடம் கூட்டுச் சொற்கள். இரண்டு சொல் சேர்ந்து வந்தால் அவற்றைப் பிரித்துத் தனித்தனியே மொழிபெயர்க்கவே கூடாது. பேரேட்டில் ‘ஒயிட் லெட்’ என்று இருந்ததை நான் வெள்ளீயம் என்று எழுதிவிட்டேன். வெள்ளீயம் என்பது நாம் பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசும் ஈயம், ஆங்கிலத்தில் டின். ஒயிட் லெட் என்பதோ காரீயத்திலிருந்து செய்யும் வெள்ளை வண்ணப்பொடி. ஆளிவிதை எண்ணெயில் குழைத்துக் கதவுக்கும் ஜன்னலுக்கும் அடிப்பார்கள். அடுத்த வரியிலேயே ஆளிவிதை எண்ணெய் இருந்தும் நான் கவனிக்கவில்லை. ‘பிளாக் லெட்’ இன்னும் ஏமாற்றும். சொல்லுக்குச் சொல் வைத்தால் காரீயம் என்று வரும், ஆனால் அதில் ஈயமே கிடையாது. அது பென்சிலுக்குள் இருக்கும் கிராஃபைட், இரும்பு அடுப்பை மெருகேற்ற வாங்கியது. பழைய வெள்ளை வண்ணம் நச்சுப் பொருள் என்பதால், பங்களாக் கதவுகளில் அது இன்னும் இருந்தால் சுரண்டாதீர்கள், குழந்தைகளையும் அண்டவிடாதீர்கள்.

இதே வரிசையில், ‘குயிக்சில்வர்’ பாதரசம், ‘புளூ விட்ரியால்’ மயில்துத்தம், ‘பிரிம்ஸ்டோன்’ கந்தகம், ‘சால்ட்பீட்டர்’ வெடியுப்பு. ‘லுக்கிங் கிளாஸ்’ முகம் பார்க்கும் கண்ணாடி. தேயிலை நாட்டில் இருப்பதால் ‘டீப்பாய்’ என்பதைத் தேநீர் மேசை என்றே நாம் நினைத்து வந்திருக்கிறோம்; இந்துஸ்தானியில் மூன்று கால் என்று பொருள்படும் சொல்தான் ஆங்கிலத்துக்குப் போய் இந்த உருவம் பெற்றது.

இவ்வளவுக்கும் பிறகு அகராதியிடம் போகலாம். 1886-இல் யூலும் பர்னலும் தொகுத்து வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன், நம் நாட்டு ஆங்கிலச் சொற்களுக்கு இன்றும் நல்ல துணை; இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். தமிழ்நாட்டில் நீதிபதியாக இருந்த பர்னல் தமிழ்ச் சொற்களை நேரில் கேட்டறிந்தவர்.

அகராதியும் கைவிட்டால், வேலை செய்தவர்களைக் கேளுங்கள். தொழிற்சாலை மேல்மாடிக் கணக்கில் ‘டாட்’ என்று வரிசை வரிசையாக எழுதியிருந்தது. சாக்குத் துணி என்று அகராதி சொன்னது. மாடியில் அவ்வளவு சாக்குத் துணி எதற்கு என்று விளங்கவில்லை. எங்கள் லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) இருக்கும் ஒரு பெரியம்மாவிடம் கேட்டேன். அவர் இரண்டு கைகளையும் அகல விரித்து, தூணுக்குத் தூண் அடுக்கடுக்காகச் சாக்கை இழுத்துக் கட்டியிருப்பதையும், பறித்த கொழுந்தை அதன்மேல் மெல்லியதாகத் தூவி இரவெல்லாம் வாட்டுவதையும் செய்தே காட்டினார். அந்த வரிக்கு நேராக ‘கொழுந்து வாட்டும் சாக்குத் தட்டு’ என்று எழுதி, சொன்னவர் பெயரையும் தேதியையும் ஓரத்தில் குறித்து வைத்தேன்.