தொழிற்பயிற்சி எண்களை வெளிநாட்டோடு ஒப்பிடும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வடசென்னை அரசு ஐடிஐயில் ஃபிட்டர் படிப்பவர், பெரம்பூர் ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் அப்ரண்டிஸாக இருப்பவர், திருவொற்றியூரில் பாலிடெக்னிக் சேரும் மாணவி, மணலியில் பிளஸ் டூ தொழிற்பிரிவு எடுத்தவர். நால்வரின் விவரமும் ஒரே இடத்தில் கிடைக்காது. பள்ளி மாணவர் யூடைஸ் பிளஸ் என்ற பள்ளித் தரவுத்தளத்தில் இருப்பார், பாலிடெக்னிக் ‘ஐஷே’ என்ற அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பில் வரும், ஐடிஐ மத்திய திறன் மேம்பாட்டு அமைச்சகத்தின் தளத்தில் இருக்கும். இவற்றை அப்படியே கூட்டி ஜெர்மனியின் எண்ணுக்குப் பக்கத்தில் வைத்தால் அது ஒப்பீடு ஆகாது.

பெரிய தவறு, சான்றிதழின் பெயரை வைத்துப் படிப்பின் நிலையை முடிவு செய்வது. எல்லா நாட்டுப் படிப்புகளையும் ஒரே அளவில் நிலைவாரியாகப் பிரிக்கும் யுனெஸ்கோவின் இஸ்செட் 2011 வகைப்பாடு பெயரைப் பார்ப்பதில்லை. சேர என்ன படித்திருக்க வேண்டும், எவ்வளவு காலம், எந்த நோக்கம், முடித்தால் அடுத்து எங்கே போகலாம் என்றுதான் கேட்கிறது. மூன்று இலக்கக் குறியீட்டில் முதல் எண் நிலை. இரண்டாவது எண் 4 என்றால் பொதுக்கல்வி, 5 என்றால் தொழிற்கல்வி. மூன்றாவது எண், நிலை முழுமையாக முடிகிறதா, மேற்படிப்புக்கு வழி உண்டா என்பதைச் சொல்லும். 354 என்றால் மேல்நிலைத் தொழிற்கல்வி, உயர்கல்விக்கு நேரடி வழி உண்டு. 353இல் அந்த வழி இல்லை. எட்டாம் வகுப்பு முடித்தவர் சேரக்கூடிய ஓராண்டு வெல்டர் பயிற்சியும், பத்தாம் வகுப்பு கேட்கும் இரண்டாண்டு ஃபிட்டர் பயிற்சியும் ஒரே வளாகத்தில் நடக்கலாம். அதனால் மட்டும் இரண்டும் ஒரே பெட்டிக்குள் போகாது. ஜெர்மனியில் பள்ளியிலும் நிறுவனத்திலும் மாறி மாறி நடக்கும் இரட்டைமுறை (டூயல்) பயிற்சிக்கு மேல்நிலைத் தேர்வு முடித்த பிறகு வருபவர்களை, மேல்நிலைக்கும் உயர்கல்விக்கும் இடைப்பட்ட நான்காம் நிலையில் தனியாகக் கணக்கிடுகிறார்கள். எனவே ஒவ்வொரு மாணவருக்கும் சேர்ந்தபோது இருந்த கல்வித் தகுதியைத் அட்டவணையில் தனி நெடுவரிசையில் எழுதி வையுங்கள். மொத்தமாகக் கூட்டி அனுப்பிய பிறகு பிரித்தெடுக்க வழியில்லை.

அடுத்தது, ஒர்க்‌ஷாப்பைத் தொழிற்சாலையாகக் கணக்கிடுவது. ஐடிஐயில் லேத்தில் நிற்கும் நேரம் செய்முறைதான், ஆனால் அது கல்வி நிலையத்துக்குள் நடப்பது. யுனெஸ்கோ, ஓஇசிடி (பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு), யூரோஸ்டாட் (ஐரோப்பிய ஒன்றியத்தின் புள்ளியியல் அலுவலகம்) மூன்றும் சேர்ந்து எடுக்கும் கணக்கில், பாடத்தில் குறைந்தது 25% வெளியே பணியிடத்தில் நடந்தால்தான் ‘பள்ளியும் பணியிடமும் சேர்ந்த’ படிப்பு. ஆண்டுக்கு 1200 மணி நேரப் பாடத்தில் 150 மணி எண்ணூர்ப் பக்கத் தொழிற்சாலையில் என்று வைத்துக்கொள்ளுங்கள்: 12.5%தான், தேறாது. மறுபக்கம், பயிற்சியில் 90% அல்லது அதற்கு மேல் பணியிடத்திலேயே கழிந்தால் முறைசார் கல்விக் கணக்கில் சேர்க்கவே கூடாது. 1961ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டத்தின் கீழ் இருப்பவர்களை இந்த வரம்பில் வைத்துப் பார்க்காமல் மொத்தமாகச் சேர்ப்பது வழக்கமாக நடக்கிறது. வகுப்பறை மணியையும் பணியிட மணியையும் தனித்தனியே கேளுங்கள். ‘டூயல்’ என்ற முத்திரையை நம்ப வேண்டாம்.

பள்ளியில் ஆறில் ஒரு பாடமாகத் திறன் பாடம் எடுப்பவரைத் தொழிற்கல்வி மாணவர் என்று எண்ணாதீர்கள். எண்ண வேண்டியது முழுப் படிப்பின் நோக்கத்தை.

சேர்க்கை எண்ணிக்கையில் ஒரு நுணுக்கம் உண்டு. முதலாண்டு வருகைப் பதிவை மட்டும் எடுத்தால், ஐடிஐ முடித்து பாலிடெக்னிக்கில் நேரடி இரண்டாமாண்டு சேர்ந்தவர்கள் விட்டுப்போவார்கள். அனுமதிக்கப்பட்ட இடங்களைச் சேர்ந்தவர் எண்ணிக்கையாக எழுதுவதும் நடக்கிறது, காலியிடங்களெல்லாம் மாணவர்களாகிவிடும்! வயதை ஒரே குறிப்புத் தேதியில் கணக்கிடுங்கள்.

விகிதம் போடும்போது எதால் வகுக்கிறீர்கள் என்று பாருங்கள். ஐ.நா.வின் நிலைத்த வளர்ச்சி இலக்குகளில் 4.3.3 என்ற அளவுகோல் கேட்பது, 15 முதல் 24 வயதுள்ளோர் மொத்தத்தில் எத்தனை பேர் தொழிற்கல்வியில் இருக்கிறார்கள் என்பது. மேல்நிலை மாணவர்களில் தொழிற்பிரிவின் பங்கு வேறு அளவுகோல். நாட்டின் தொழிலாளர் கணக்கெடுப்பு மூன்றாவது ரகம்: பயிற்சி பெற்றவர்களைக் கேட்கிறது, பரம்பரையாகக் கற்றதையும் பதிவு செய்கிறது. காசிமேட்டில் அப்பாவிடம் படகு இன்ஜின் பழுது பார்க்கக் கற்றவர் அதில் வருவார், எந்தச் சேர்க்கைப் பட்டியலிலும் வரமாட்டார்.

துறைக் குறியீட்டில், ஏசி மெக்கானிக் பயிற்சியை இயந்திரப் பிரிவில் போடுகிறார்கள். இஸ்செட்டின் 2013ஆம் ஆண்டு துறை வகைப்பாட்டில் அது மின்சாரமும் ஆற்றலும், 0713. வெல்டிங் 0715, டீசல் மெக்கானிக் 0716. வெல்டர் வேலைக்கான 7212, வேலைகளைப் பிரிக்கும் வேறொரு சர்வதேச வகைப்பாட்டின் எண். இங்கே எழுதக் கூடாது.

காலிக் கட்டத்தில் பூஜ்யம் போடாதீர்கள். ‘ஒருவரும் இல்லை’, ‘தகவல் கிடைக்கவில்லை’, ‘இந்த வகையே இங்கில்லை’, ‘வேறு கட்டத்தில் சேர்ந்திருக்கிறது’ நான்கும் வெவ்வேறு. ஓஇசிடி அட்டவணைகளிலும் இவற்றுக்குத் தனித்தனிக் குறிகள் உண்டு. பழைய தொடர் வரிசையோடு சேர்க்கும்போது, 2014 முதல்தான் இஸ்செட் 2011 வகைப்பாட்டில் தரவு திரட்டப்பட்டது என்பதைக் கவனியுங்கள். அதற்கு முந்தைய 1997 வகைப்பாட்டில் தொழில் சார்ந்த உயர்கல்வியைக் குறித்த ‘5பி’, இன்றைய ஐந்தாம் நிலைக்கு (குறுகிய கால உயர்கல்வி) அப்படியே பொருந்தாது. வரைபடத்தில் அந்த இடத்தில் கோட்டை இணைக்காமல் இடைவெளி விட்டுக் காட்டுங்கள்.